இரண்டாவது முடிச்சு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் இனி நான் உட்காரும் பந்தியில் எல்லாம் என் இலைக்கு வரும்போது மட்டும் பாயசம் தீர்ந்துபோகட்டும். இதைவிடப் பெரிய ஆணை எங்கள் ஊரில் இல்லை. நடந்தது பாளையங்கோட்டையில், சித்திரை மாதத்து வெக்கை மிச்சமிருந்த ஒரு சாயங்காலம், ஒரு கல்யாண வரவேற்பு வரிசையில். வரிசை மண்டபத்து வாசலில் ஆரம்பித்து மேடைப் படியில் முடிந்தது. வாசல் பக்கம் நின்றவர் குற்றாலலிங்கம் சார், ரிட்டையரான இங்கிலீஷ் வாத்தியார், ஊருக்குக் குத்தாலம் சார். மேடையில் நின்றவர் பியூலா டீச்சர், மணப்பெண் ஜெமிமாவின் அம்மா, அதே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ரிட்டையரானவர். இவர் வாசலிலிருந்து மேடைக்குப் போனார். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த வரிசை நகர நகர அவர் மனசு போய்த் திரும்பிய தூரத்தை அளந்தால், காசிக்குப் போய்விட்டு வருகிற வழியில் ராமேஸ்வரத்தையும் பார்த்துவிடலாம். மனசுக்குள் ஓடியது வெளியாளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். குத்தாலம் சாருக்கு நினைப்பதெல்லாம் உதட்டில் ஓடும். பாடம் நடத்தி நடத்தி வந்த வியாதி. பின்னால் நிற்கிறவனுக்குக் காது இருந்தால் போதும்.

குக்கர் கனத்தது. ஐந்து லிட்டர். கனடாவுக்குப் போகிற பிள்ளைக்குக் குக்கர் எதுக்கு என்று கேட்டதற்கு, "ஏன், கனடாவுல சோறு பொங்க மாட்டாவளோ?" என்றாள் கோமு, அவர் மனைவி. கடைக்காரன் கட்டிய கயிற்றை அவள் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து அதன் தலையில் தானும் ஒரு முடிச்சுப் போட்டாள். இப்போது மாடியில் பந்தியில் இருக்கிறாள். "நீங்க வரிசையில நில்லுங்க, நான் போய் இடம் பிடிக்கேன், ரெண்டு பேரும் இங்க நின்னா ஆட்டுக்கறி நமக்கு நிக்காது." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவர் விரல் கயிற்றைத் தடவியது. கீழே கடைக்காரன் முடிச்சு, மேலே கோமுவின் முடிச்சு. ஒன்று போதாதா? போதாது. பியூலா டீச்சர் அன்றைக்கு அதைத்தான் சொன்னார். ஒன்பதாம் வகுப்பின் இரண்டு பிரிவுக்கும் நடுவே சுவர் கிடையாது, பலகைத் தட்டிதான், தட்டியில் மரக்கண் பெயர்ந்த ஒரு ஓட்டை, ஓட்டை வழியாக அந்தப் பக்கத்துச் சாக்பீஸ் வாசனைகூட வரும், அது எப்படியோ இந்தப் பக்கத்துச் சாக்பீஸைவிட உசத்தியான வாசனை. தன் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டுக் குத்தாலம் சார் தட்டியோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அந்தப் பக்கம் டீச்சர் குரல்: "பிள்ளைகளா, 'எ ஃப்ரண்ட் ஆஃப் மைன்'னு சொல்லுதோம். 'ஆஃப்' வந்தாச்சு, 'உடைய' வந்தாச்சு. பொறவு எதுக்கு 'மைன்'? வெறும் 'மீ' போதாதா? மேஜைக்குப் போதும். 'எ லெக் ஆஃப் த டேபிள்', ஒரு முடிச்சு, முடிஞ்சுது. மேஜை தன் காலைத் தன்னோடதுன்னு பிடிச்சு வச்சுக்கிடுமா? அதுக்குக் கை உண்டா? மனுஷங்களுக்குக் கை உண்டு. அவங்க ஒண்ணைத் தன்னோடதுன்னு பிடிக்கும்போது ரெண்டாவது முடிச்சு விழும்." மணியடிக்கிற செல்லையா மணிக்கட்டையைத் தூக்கின கையோடு நின்றுவிட்டான், அன்றைக்குப் பள்ளிக்கூடம் விடவேயில்லை, பிள்ளைகளைத் தேடி வந்த தாய்மாரும் ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டு இருட்டுகிற நேரத்துக்குத்தான் வீட்டுக்குப் போனார்கள், அத்தனை பேருக்கும் இன்றைக்கு வரைக்கும் அந்த இடத்தில் இங்கிலீஷ் தப்பாது. பொய்யில்லை.

வரிசை ஒரு ஆள் அளவுக்கு நகர்ந்தது. முன்னால் ஒரு அம்மாள் சுவர்க்கடிகாரம் வைத்திருக்கிறாள், காகிதத்துக்குள் அது ஓடிக்கொண்டிருக்கிறது, டிக் டிக் என்று. டிக். ஆமாம், டிக். சரியான பதில் சொன்னால் பியூலா டீச்சர் 'குட்' சொல்ல மாட்டார், 'வெரி குட்' சொல்லவே மாட்டார், ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு டிக் போடுவார், கீழே ஒரு இறக்கம், மேலே ஒரு ஏற்றம், அவ்வளவுதான். அந்த டிக்கை வாங்கியவர்கள் அதைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். வாங்கினவர்களில் இரண்டு பேர் கலெக்டர் ஆனார்கள், ஒருத்தன் டிக் வாங்கின சந்தோஷத்தில் அடுத்த பதிலைத் தப்பாகச் சொல்லி வியாபாரத்துக்குப் போய் மூன்று கடை வைத்திருக்கிறான். குத்தாலம் சாருக்கு அந்த டிக் கிடைத்ததில்லை. வாத்தியாருக்கு யார் டிக் போடுவார்கள்? ஆனால் ஆசை இருந்தது. மேடையிலிருந்து மைக் இல்லாமலே டீச்சர் குரல் கேட்கிறது, ஆஹா, கேட்கிறது, வகுப்பறைக் குரல், தொண்டை சற்றே கட்டியிருந்தாலும் கடைசி பெஞ்சு வரைக்கும் போகிற குரல். மாப்பிள்ளை ரூபனின் சித்தப்பா ஒரு கனடாக்காரியைக் கட்டியிருக்கிறார், மார்கரெட் என்று பெயர், பட்டுச்சேலை கட்டி, வேர்த்து, சிவந்து, சிரித்தபடி நிற்கிறாள், தமிழ் ஒரு சொல் தெரியாது. மேடையேறுகிற ஒவ்வொருவரையும் டீச்சர் அவளுக்கு இங்கிலீஷில் சொல்லிக் காட்டுகிறார். "எ நெய்பர் ஆஃப் அவர்ஸ்." சபாஷ். "எ கஸின் ஆஃப் மை ஹஸ்பண்ட்ஸ்." அந்தக் கடைசி 'ஸ்'ஸை விடுகிறாரா பாருங்கள், விடமாட்டார், மகள் கல்யாணத்தில் நின்று நின்று கால் வீங்கினாலும் அந்த 'ஸ்'ஸை விடமாட்டார். "டூ ஸ்டூடன்ட்ஸ் ஆஃப் மைன்." இரண்டு மீசைக்காரர்கள் வெட்கப்பட்டுக் குனிகிறார்கள். மார்கரெட் எல்லோருக்கும் "ஓ!" என்கிறாள். இதுவரைக்கும் எத்தனையோ பேர் ஏறி இறங்கியாயிற்று. ஃப்ரண்ட் என்று யாரையும் சொல்லவில்லை. அவர் கவனித்துக்கொண்டே வருகிறார். ஒருவரைக்கூட இல்லை.

அந்தச் சொல் மிச்சம் இருக்கிறது. யாருக்காக மிச்சம்? அடுத்த வாரம் டீச்சரும் மகளோடு கனடா போகிறார், வீட்டை விற்றாயிற்று, திரும்ப மாட்டார், இந்த வரிசைதான் கடைசி வரிசை, இந்த மேடைதான் கடைசி மேடை, இன்றைக்குச் சொன்னால் உண்டு, இல்லையென்றால் இல்லை. நான் உங்களுக்கு யார் என்று தமிழில் அவரிடம் ஒருபோதும் கேட்க முடியாது. தமிழில் என்ன சொல் இருக்கிறது? சிநேகிதி என்றால் டீக்கடையில் கண்ணடிப்பார்கள். தோழி என்றால் மேடைப் பேச்சு. கூட வேலை பார்த்தவங்க என்றால் மேஜையும் கூடத்தான் வேலை பார்த்தது. ஊரில் வேறொருவர் பெண்டாட்டியாக இருக்கிற டீச்சருக்கு டீச்சர் என்றுதான் பெயர், எத்தனை வருஷமானாலும் டீச்சர், அவருக்கு இவர் குத்தாலம் சார். அந்த இங்கிலீஷ்காரனைக் கையெடுத்துக் கும்பிடலாம், ஃப்ரண்ட் என்று ஒரு சொல்லைச் செய்து வைத்திருக்கிறான், அதில் ஆணும் தெரியாது பெண்ணும் தெரியாது, வேட்டியும் தெரியாது சேலையும் தெரியாது. அதன் முன்னால் ஒரு 'எ' வைத்தான், ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை, பலரில் ஒருவர்தான் என்று கூச்சத்தோடு. பின்னால் ஆஃப் வைத்தான். அதற்கும் பின்னால் ஓசைப்படாமல் மைன். என்ன நாசூக்கு! முதலில் வாசலில் நிறுத்தி, கடைசியில் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறான். "மை ஃப்ரண்ட்னா எனக்கு இருக்கது இவர் ஒருத்தர்ங்கிற மாதிரி ஒரு அதட்டல் இருக்கு," என்று தட்டிக்கு அந்தப் பக்கம் டீச்சர் சொன்னார். "எ ஃப்ரண்ட் ஆஃப் மைன்ல அதட்டல் கிடையாது. கூட்டத்துல ஒருத்தர விரல் நீட்டாமக் காட்டுதோம். பேரைச் சொன்னா வம்பு வரும்னு நினைச்சா அதுலயே ஒளிச்சும் வச்சுக்கிடலாம். 'எ ஃப்ரண்ட் ஆஃப் மைன் டோல்ட் மீ'. யாரு சொன்னா? யாரோ சொன்னா. ஆனா என் ஆளு." பிள்ளைகள் சிரித்தார்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர் சிரிக்கவில்லை, ஓட்டையில் காதை வைத்திருந்தார். "எங்க ட்ரில் மாஸ்டர் இருக்காருல்லா," இது டீச்சர் தன் புருஷனையே உதாரணமாக எடுத்தது, "எ போட்டோ ஆஃப் ஞானதுரைன்னா படத்துக்குள்ள அவர் இருக்காரு. எ போட்டோ ஆஃப் ஞானதுரைஸ்னா படம் அவரோடது, உள்ள ஒரு குரங்குகூட இருக்கலாம்." வராந்தாவில் விசிலோடு போய்க்கொண்டிருந்த ஞானதுரை ஜன்னலில் தலையை நீட்டி, "ரெண்டும் ஒண்ணுதான டீச்சர், அதுக்கு எதுக்கு ஒரு ரூலு?" என்றார். அந்தச் சிரிப்புக்குக் கூரையில் இரண்டு ஓடு பெயர்ந்து விழுந்தது, யாருக்கும் அடியில்லை.

ஞானதுரை. மேடை ஓரத்தில் மேஜை மேல் படமாக இருக்கிறார், பக்கத்தில் பூச்செண்டு, ஒரு மின்விசிறி அவர் மேல் மட்டும் காற்றடிக்கிறது. எ போட்டோ ஆஃப் ஞானதுரை. ஒரே முடிச்சு. படத்தில் அவர் இருக்கிறார், படத்தைப் பிடித்துக்கொள்ளத்தான் அவர் இல்லை. குத்தாலம் சார் குக்கரை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். நல்ல மனுஷன். இவரை முதன்முதல் வீட்டுக்குக் கூட்டிப்போய், "பியூலா, இது நம்ம குத்தாலம், புதுசா வந்திருக்காப்ல, உன்னைய மாதிரியே இங்கிலீஷ் கிறுக்கு" என்று நிறுத்தியதே அவர்தான். அப்போ அதுதான் வழி. இவர் ஞானதுரை வழியாக வந்தவர். டீச்சர் அப்படித்தான் சொல்வார். "எ காலீக் ஆஃப் மை ஹஸ்பண்ட்ஸ்." இலக்கணத்தில் பழுது சொல்ல முடியாது, இரண்டு முடிச்சும் கச்சிதம். ஆனால் முடிச்சு விழுவது ஞானதுரை கையில், அந்தக் கை இப்போது எங்கே? குக்கர் கனத்தது. பின்கழுத்தில் வேர்வை சட்டைக்குள் இறங்கியது. போய்விடலாமா? குக்கரைப் பரிசு வாங்கி வைக்கிற பையன்களிடம் கொடுத்துவிட்டு, மாடிக்குப் போய், இலைமுன் உட்கார்ந்து, தெரியாமலே இருந்துவிடலாமா? தெரியாமல் இருந்தால் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். தெரிந்துவிட்டால் தெரிந்ததுதான்.

"என்ன வேய், வரிசைய விட்டு வெளிய சாயுதீரு? மயக்கமா?" பின்னாலிருந்து குரல். முப்பிடாதி சார். ஃபிஸிக்ஸ். நல்ல மனுஷர், நிறம், உயரம், இந்த வயசிலும் தலைநிறைய முடி, ஊரில் அவரைப் புளுகன் என்பார்கள், பொறாமை. "மயக்கம்லாம் இல்ல," என்றார் குத்தாலம். "பொறவு என்ன வாய்க்குள்ள முணுமுணுன்னு? ஆஃப்புங்கீரு, மைனுங்கீரு. வீட்டுல எதையும் ஆஃப் பண்ணாம வந்துட்டீரோ?" "சும்மா இரும்வேய்." "நான் சும்மாதான் இருக்கேன், உம்ம உதடுதான் இருக்க மாட்டேங்கு. டீச்சர் உம்மள மேடையில நிப்பாட்டி கிராமர் கேக்கப்போறாங்கன்னு பயமா?" குத்தாலம் திரும்பிப் பார்த்தார். கேட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "முப்பிடாதி, அங்க ஏறினதும் அந்த வெள்ளைக்காரம்மாட்ட டீச்சர் உம்மள என்னன்னு சொல்லுவாங்க?" முப்பிடாதி யோசிக்கவேயில்லை. "என்ன சொல்லுவாங்க? இந்த ஆளு சொல்லுத எதையும் நம்பாதீங்கன்னு சொல்லுவாங்க. என்ன சொன்னா என்ன வேய், ஏறணும், சிரிக்கணும், இறங்கணும், இலையில உக்காரணும்." இவனுக்கு என்ன, என்று நினைத்துக்கொண்டார் குத்தாலம், இவனுக்கு வேண்டியது கறி, கறிக்கு உடைமை வேற்றுமை கிடையாது. ஆனாலும் அந்தக் குரல் முதுகில் கைவைத்த மாதிரி இருந்தது, சாய்ந்தவர் வரிசைக்குள் நிமிர்ந்தார்.

இன்னும் ஐந்தாறு பேர். இப்போது டீச்சரை முழுசாகப் பார்க்கலாம். மாம்பழ நிறத்தில் பட்டு, காதோரம் நரை, மூக்கில் அதே கண்ணாடித் தழும்பு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி ஒரு தடவை பிள்ளைகள் முன்னால் 'எ ஃப்ரண்ட் ஆஃப் மீ' என்று சொல்லிவிட்டார், டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார், அவ்வளவுதான், அதிகாரிக்கு மீசையின் இடது பக்கம் தொங்கிப்போயிற்று, ரிட்டையராகிற வரைக்கும் நிமிரவில்லை. அப்படி ஒரு ஆள். அந்தச் சுத்தத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இவர் தன் இங்கிலீஷைத் தேய்த்துக் கழுவிக்கொண்டார். ஒரு வருஷம் இவருக்கு டைபாய்டு. டீச்சர் இரண்டு வகுப்பையும் தட்டியைத் தூக்கிவிட்டு ஒன்றாக நடத்தினார், திரும்பி வந்தபோது, "உங்க பிள்ளைங்க பரவால்ல சார், பாதிப் பாடம் ஏற்கெனவே கேட்ட மாதிரி இருக்காங்க" என்றார். ஓட்டை விஷயம் தெரியும்! எப்போதுமே தெரியும்! தெரிந்துதான் தட்டிப் பக்கம் திரும்பி நின்று பாடம் நடத்தினாரா? அப்படியும் இருக்குமா? இருக்காது. இருக்கலாம். கேமராக்காரன் கத்துகிறான், "மேடம், அந்தப் பையைக் கொஞ்சம் கீழ வைங்க, ஃப்ரேம்ல விழுது." டீச்சர் தோளில் ஒரு கறுப்புக் கைப்பை, பழசு, பட்டுக்குச் சேராதது. அதை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டார், கீழே வைக்கவில்லை. ஞானதுரையின் தங்கை கையை நீட்டினாள், "குடுங்க மதினி, நான் வச்சுக்கிடுதேன்." "இருக்கட்டும் ஜாய்ஸ்." படியில் ஒருத்தர் இறங்க, ஒருத்தர் ஏற. மாப்பிள்ளையின் அப்பா சொன்னார், "சம்பந்தி, பையை இந்த நாற்காலியில வைங்களேன், இங்க யாரு எடுக்கப்போறா?" "பாஸ்போர்ட், லாக்கர் சாவி எல்லாம் அதுலதான் இருக்கு, இருக்கட்டும்ங்க." கடிகாரத்து அம்மாள் ஏறிவிட்டாள். "எ டீச்சர் ஆஃப் ஜெமிமாஸ்." ஓ! ஆஹா, ஜெமிமாவின் பெயரிலும் அந்த 'ஸ்'. தட் பிரிஸிஷன் ஆஃப் ஹர்ஸ்! தட் என்று போட்டால் உடனே ஒரு செல்லம் வந்துவிடுகிறது பார்த்தாயா, அந்த மூக்கு, அந்தச் சிரிப்பு, அந்தப் பிடிவாதம் உன்னுடையது, என்று கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொல்கிற மாதிரி. கடிகாரம் இறங்கியது. இனி இவர்தான்.

ஏறினார். மூன்று படியில் நடுப்படி ஆடியது. குக்கரை ஜெமிமாவிடம் நீட்ட, "அங்கிள், இவ்வளவு கனத்தத் தூக்கிட்டா நின்னீங்க!" என்று பிள்ளை கண் கலங்கினாற்போலச் சிரித்தது, ஒரு பையன் வந்து குக்கரை வாங்கிப்போனான், கைகள் திடீரென்று லேசாகி எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கின. டீச்சர் அவரைப் பார்த்தார். மார்கரெட் பக்கம் திரும்பினார். கழுத்தில் ஒரு நரம்பு எழுந்தது, பெரிய வாக்கியத்துக்கு முன்னால் எழும் நரம்பு, அவருக்குத் தெரியும். அந்தக் கணம் பார்த்து மேடைக்குப் பக்கத்தில் பாட்டுக்குழுவில் ட்ரம் அடிக்கிற பயல் இரண்டு குச்சியையும் ஒன்றாக ஓங்கினான். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் கேக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களாம். மண்டபமே அதிர்ந்தது. டீச்சரின் உதடு அசைந்தது. எ... உதடு மூடியது, மேல்பல் கீழுதட்டைத் தொட்டது, ஃப்ரண்டுக்கும் தொடும், காலீக்குக்குப் பின்னால் வருகிற ஆஃப்புக்கும் தொடும், என்ன அது, மைன்னுக்கு உதடு ஒட்டும், மை ஹஸ்பண்டுக்கும் முதலில் ஒட்டும், ஒட்டியது, பிரிந்தது, முடிந்தது. ட்ரம் ஓயவில்லை. மார்கரெட் சிரித்து, வாயை வட்டமாக்கினாள். ஓ! கடிகாரத்து அம்மாளுக்குச் சொன்ன அதே ஓ. எல்லோருக்கும் சொன்ன அதே ஓ. "இங்க பாருங்க சார், ஸ்மைல்!" வெளிச்சம் வெட்டியது. முடிந்தது. இவ்வளவு நேரம் நின்று, இவ்வளவு வருஷம் நின்று, வந்தது, போனது, கேட்கவில்லை. மறுபடி கேட்கவா முடியும்? டீச்சர், இப்ப என்ன சொன்னீங்க, திருப்பிச் சொல்லுங்க? பின்படியில் முப்பிடாதியின் செருப்புச் சத்தம் கேட்டது. இறங்கத் திரும்பினார். ஞானதுரை படத்திலிருந்து பார்த்தார். இருக்கட்டும் துரை, என்று அவருக்குச் சொன்னார், தெரியாமலே இருக்கட்டும்.

"குத்தாலம் சார்." ட்ரம்முக்கு மேலே கடைசி பெஞ்சுக் குரல். திரும்பினார். டீச்சர் தோளிலிருந்து கறுப்புப் பையைக் கழற்றிக்கொண்டிருந்தார், வார் கூந்தலில் மாட்டிற்று, எடுத்துவிட்டார். "இதைக் கொஞ்சம் பிடிங்க. தோளு விட்டுப்போச்சு. முன் வரிசையில உக்காருங்க, யாருட்டயும் குடுத்துராதீங்க." அவர் கையில் பை இருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. ஜாய்ஸ் பார்த்தாள், சம்பந்தி பார்த்தார். டீச்சர் அதற்குள் முப்பிடாதியைப் பார்த்துச் சிரிக்கத் திரும்பிவிட்டார், தோளை ஒருதரம் குலுக்கிக்கொண்டு. குத்தாலம் சார் இறங்கி முன் வரிசையில் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்தார். தோல் சூடாக இருந்தது, வார் வழவழத்திருந்தது, உள்ளே சாவி நகர்ந்தது. அட மடையா, என்று தன்னைச் சொல்லிக்கொண்டார், உதட்டில் என்ன பார்த்துக்கொண்டிருந்தாய், மேல்பல்லாம் கீழுதடாம். இரண்டு கையாலும் வாரைப் பிடித்துக்கொண்டார். மாடியிலிருந்து கோமு வெற்றிலையோடு இறங்கி வந்தாள். "என்னங்க, கடைசிப் பந்தி உக்காருது, கறி அடில போயிட்டு... இது யாரு பை? டீச்சரோடதா?" தலையை ஆட்டினார். கோமு அதை ஒரு கணம் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். "அப்ப நீங்க எந்திரிக்காதீங்க," என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "மடியிலயே இருக்கட்டும், கீழ வச்சிராதீங்க." அப்போதுதான் மார்கரெட் காற்று வாங்க மேடையிலிருந்து இறங்கி வந்தவள், வேட்டி கட்டின ஒரு பெரியவர் பெண்பிள்ளைக் கைப்பையைக் கோயில் உண்டியல் மாதிரி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றாள். "வாட் எ லவ்லி பேக்! இஸ் இட் யுவர்ஸ்?" குறும்புதான். குத்தாலம் சார் எழுந்து நின்றார், பையோடு. வாயில் வார்த்தை தயாராக இருந்தது, எத்தனையோ வருஷமாகத் தயாராக இருந்தது, ஆனால் அது தன் வாயிலிருந்து வர வேண்டியது என்று அவருக்கு இதுவரை தோன்றியதேயில்லை. "நோ, மேடம்," என்றார். "இட் பிலாங்ஸ் டு எ ஃப்ரண்ட் ஆஃப் மைன்." ட்ரம் பயல் அந்த இடத்தில் குச்சியை மாற்ற நிறுத்தினான். மண்டபம் முழுக்கக் கேட்டது. கோமுவுக்கும் கேட்டது, வெற்றிலையை மடித்துக்கொண்டேயிருந்தாள். மேடையில் டீச்சர் யாரோ ஒரு குடும்பத்தோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். முகம் கேமராவை விட்டுத் திரும்பவில்லை, சிரிப்பு மாறவில்லை. ஆனால் சேலை மடிப்போரம் தொங்கிய வலது கையின் ஆள்காட்டி விரல் காற்றில் கொஞ்சம் இறங்கி, நன்றாக ஏறியது.

நம்பாதவர்கள் கனடாவுக்குப் போய் அந்த ஆல்பத்தைப் பிரித்துப் பார்க்கலாம், விரல் மட்டும் படத்தில் அசங்கியிருக்கும். குத்தாலம் சாருக்கு அன்றைக்குக் கறி கிடைக்கவில்லை, ரசம் சாதம்தான், அதையும் பையை மடியில் வைத்தபடியேதான் சாப்பிட்டார். ஆனால் இதை அவரிடம் போய்க் கேட்டுவைக்காதீர்கள், பின்னால் நின்றவன் காது அவ்வளவு தூரம் கேட்டது என்று தெரிந்தால் மனுஷன் பாளையங்கோட்டையை விட்டே போய்விடுவார். யார் சொன்னது என்று எவனாவது உங்களை மடக்கினால் பேரை மட்டும் சொல்லிவிடாதீர்கள், நிறமான ஆள், உயரமான ஆள், தலைநிறைய முடி என்று அடையாளமும் சொல்லிவைக்காதீர்கள். எ ஃப்ரண்ட் ஆஃப் மைன் என்று சொல்லிவிட்டு, பேசாமல் நடந்து போய்விடுங்கள்.